மேசைக்கு அந்தப் பக்கம்

மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறியபோது திருப்புளிக்கு மூச்சு வாங்கியது. அதைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. தன் கடையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருந்தாள். காலையில் விளையாட்டைப் போட்டுவிட்டால் கடை சாத்தும்வரை ஓடும், சின்ன முனகல்கூட இருக்காது. அப்படிப்பட்ட நல்ல பிள்ளை, இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பழைய குணத்தைக் காட்டிவிடும். விளையாடிக்கொண்டே இருக்கும்போது திரை சட்டென்று இருண்டு, யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் முதலிலிருந்து தொடங்கும்.

ஸ்க்ரூடிரைவரைக் குறிக்கும் திருப்புளி அவளுடைய நிஜப் பெயர் இல்லை. சின்ன வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் திருகிக் கழற்றிப் போட்டுவிடுவாள் என்று அண்ணன் வைத்த பட்டம் அது. பிறகு அவள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை திறந்தபோது, பெயர்ப்பலகையில் அதையே எழுதச் சொன்னவனும் அவன்தான். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், முகச்சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதியிலேயே போய்விட்டான். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார்.

கதவைத் திறந்த அண்ணியின் கழுத்தில் ஹெட்போன் மாலைபோல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத வாரத்திலும் அதைக் கழற்றவில்லை என்று தெரிந்தது. காதுக்குக் கீழே அதன் தடம் சிவந்திருந்தது.

"வந்துட்டியா. காபி போடட்டுமா?"

"அப்புறம் குடிக்கலாம் அண்ணி. மொதல்ல இதுக்கு ஒரு வழி பண்ணிடறேன்."

பகல்தான். ஆனாலும் வீட்டுக்குள் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. கூடத்திலிருந்து உள்ளே போகும் நடை இருட்டாக இருந்தது. அதன் கோடியில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நடையைக் கடக்கும்போது சவர நுரையின் மணம் வந்தது. ஆண்கள் இல்லாத வீட்டில் அந்த மணம் எப்படி இத்தனை மாதம் தங்கும் என்று திருப்புளி நினைத்தாள். அண்ணன் பொருட்களை அண்ணி இன்னும் எடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

விளையாடும் அறையில் சுவரோடு சுவராக ஒரு நீண்ட மேசை. அண்ணியின் நாற்காலி ஜன்னல் பக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் இடம் மேசையின் மறுகோடியில், கதவோரத் தரையில். மேசையின் கோடிப் பலகை மறைப்பதால், நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு மேசைக்கு அந்தப் பக்கத்துத் தரை தெரியாது. பெட்டியை அதன் இடத்தில் வைத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். பெட்டியின் முகப்பில், ரீசெட் பட்டனுக்குப் பக்கத்தில், அண்ணன் ஒட்டிய பெங்குவின் படம் ஓரம் பிய்ந்து நின்றது.

அந்தப் பெங்குவினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் மென்பொருள் என்றால் அவனுக்கு உயிர். "இது நம்ம வீடு மாதிரி. எந்தச் சுவத்துல வேணும்னாலும் ஆணி அடிக்கலாம், யாரும் கேக்க முடியாது" என்பான். அவன் போனபிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்யத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதன்மேல்தான் பழியைப் போட்டார்கள். ஊர் உலகம் வைத்திருப்பதை வைத்துக்கொள்ளாமல் இதை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். ஆனால் திருப்புளிக்குத் தெரியும், லினக்ஸ் பொய் சொல்லாத சாது. எது நடந்தாலும் தன் பதிவில் எழுதிவிடும். சூடு ஏறினால் எழுதும். கிராபிக்ஸ் கார்டு திணறினால் எழுதும். சாகும்போதுகூட எதனால் சாகிறேன் என்று எழுத முயற்சி செய்யும்.

இந்தக் கம்ப்யூட்டர் எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவு நல்லபடியாக ஓடிக்கொண்டே வந்து, நடுவில் அப்படியே அறுந்துபோயிருந்தது.

பழுதுபார்ப்பில் அவளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முந்தைய முறைகளில் பவர் சப்ளையை மாற்றினாள். நினைவகத்தைச் சோதித்தாள். தூசியைத் தட்டினாள், கார்டின் வேகத்தைக் குறைத்தாள், லினக்ஸின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். மின்சாரத்தில் கோளாறோ என்று பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்தும் பார்த்தாயிற்று. எதற்கும் மசியவில்லை.

"நான் கொஞ்ச நேரம் விளையாடறேன், நீங்க பாருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து விளையாடிய விளையாட்டு அது. பெரிய கடல், அதில் ஒரு படகு, இரண்டு பேர் துடுப்புப் போட வேண்டும். தீவு தீவாகப் போய்க் கடைசியில் ஒரு கலங்கரை விளக்கத்தை அடைய வேண்டும். இப்போது படகில் ஒரு இருக்கை காலி. ஒற்றைத் துடுப்போடு போனால் படகு ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அண்ணி அதற்கும் பழகிவிட்டிருந்தாள்.

திருப்புளி விளையாடினாள். ஒலிபெருக்கியில் அலை இரைந்தது. நெடுநேரம் ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா? ஒழுங்காத்தான் ஓடுது."

"நீ ஸ்பீக்கர்ல கேக்கற. நான் இதைப் போட்டுக்குவேன்" என்று அண்ணி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

திருப்புளிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. கடையில் இத்தனை நாளும் ஸ்பீக்கரில்தான் ஓடியது. ஹெட்போன் ஒயரில் எங்காவது ஷார்ட் இருந்தால்கூடக் கம்ப்யூட்டர் இப்படி விழுந்து எழலாம். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்காமல் விட்டோமே என்று நொந்துகொண்டு அதை வாங்கிக் காதில் மாட்டினாள். நல்ல ஹெட்போன். வெளியுலகத்துச் சத்தம் மொத்தமும் அடங்கி, கடல் மட்டும் மிச்சமிருந்தது.

அண்ணி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கைகளைக் கட்டியிருந்தாள். திரையைப் பார்க்கவில்லை. நடையைப் பார்த்தபடி நின்றாள்.

படகு அசைந்தது. துடுப்பு தண்ணீரைத் தள்ளியது.

அப்போது திருப்புளியின் உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது.

காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தரைதான் அதிர்ந்தது. நடையில் கனமான எதையோ இழுத்துவருவதுபோல் ஓர் உராய்வு. கொஞ்சம் வரும். நிற்கும். மறுபடியும் கொஞ்சம் வரும்.

சவர நுரையின் மணம் அறைக்குள் வந்துவிட்டது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

ஒன்றும் இல்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும்.

"உனக்கும் தெரிஞ்சுதா?" அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னது அண்ணி?"

"கழட்டினா நின்னுடும். மறுபடியும் போடு."

போட வேண்டாம் என்று உடம்பு சொன்னது. ஆனால் அவள் பழுதுபார்க்கிறவள். பாதிச் சோதனையில் எழுந்துபோய்ப் பழக்கமில்லை. மாட்டினாள். கடல் வந்தது. கூடவே உள்ளங்காலுக்கு அந்த உராய்வும் வந்தது. இப்போது அது நடையில் இல்லை. அறைவாசலைத் தாண்டியிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

திரை இருண்டது.

கம்ப்யூட்டர் பழையபடி முதலிலிருந்து தொடங்கியது. திருப்புளி பதிவைத் திறந்து பார்த்தாள். வழக்கம்போல் நடுவில் அறுந்திருந்தது. பயத்திலும் அவள் மூளை தன் வேலையைச் செய்தது. கம்ப்யூட்டருக்கே தெரியாமல் அதை இப்படி வெட்ட இரண்டே வழிதான். ஒன்று மின்சாரம் போக வேண்டும். அது போகவில்லை, விளக்கும் விசிறியும் அசையக்கூட இல்லை. இன்னொன்று, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட் பட்டனை யாராவது அழுத்த வேண்டும்.

பட்டன் என்றதும் அவளுக்கு அண்ணன் நினைவு வந்தது. ஹெட்போன் மாட்டிவிட்டால் அண்ணிக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் சாப்பிடக் கூப்பிடவும், யாராவது வந்தால் சொல்லவும் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஓசைப்படாமல் கதவோரம் வருவான். கால் கட்டைவிரலால் ரீசெட் பட்டனை ஓர் அழுத்து அழுத்துவான். திரை இருண்டதும் அண்ணி கத்துவாள், அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான். அந்தச் சண்டையைப் பார்க்கவே திருப்புளி சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதுண்டு.

பட்டன் பழசாகி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பட்டனின் ஒயர், உள்ளே இருக்கும் மதர்போர்டு என்ற பலகையின் கீழ் ஓரத்தில், ஊசிபோன்ற ஒரு ஜோடிப் பின்னில் செருகியிருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் முன்பக்க ஒயர்கள் எல்லாம் பின்தகட்டுக்குள் ஒளிந்துவிடும் என்பதால் அதுவரை அங்கே அவள் கை வைத்ததில்லை. தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

அந்த ஜோடிப் பின் காலியாக இருந்தது.

ஒயரைத் தேடினாள். அதை யாரோ பிடுங்கி, மடித்து, நூலால் கட்டி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரட்டைச் சுருக்கு, மிச்ச நூல் இரண்டும் ஒரே நீளத்தில் வெட்டியிருந்தன. அந்த முடிச்சை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது அவள் புத்தகப் பொட்டலத்தைக் கட்டிக்கொடுத்த முடிச்சு. கட்டியிருந்தது அண்ணன்.

ஒயர் இல்லாத பட்டன் சுவரில் வரைந்த பட்டனுக்குச் சமம். எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் ஆகாது.

ஒயரின் முனையைத் தொட்டாள். யாரோ உள்ளங்கையில் வைத்திருந்து அப்போதுதான் விட்டதுபோல் அது சூடாக இருந்தது.

"அண்ணி, இந்த ஒயரை அண்ணன் கழட்டி வெச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த ஒயர்?"

"ரீசெட் பட்டனோடது. இது மாட்டியே இல்ல. அண்ணன் முடிச்சு போட்டு வெச்சிருக்கான்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு திருப்புளி கேட்காமலே பேச ஆரம்பித்தாள். குரலில் அழுகை இல்லை. அழுது தீர்ந்த குரல் அது.

"அவர் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நாங்க ரெண்டு பேரும் கலங்கரை விளக்கம் கிட்ட போயிட்டோம். அவர் அடுப்பை அணைச்சிட்டு வரேன்னு எழுந்து போனார். நான் மட்டும் படகைப் பிடிச்சிட்டு இருந்தேன், ஒரே புயல். இவர் வந்தவர் வழக்கம்போலக் காலை நீட்டிட்டார். அத்தனையும் போச்சு. எனக்கு வந்த கோவத்துல என்ன பேசறேன்னே தெரியல. இனிமே அந்தப் பட்டன்ல கால் வெச்சா என் மூஞ்சியில முழிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

"சண்டையில சொல்றதுதானே அண்ணி."

"அவரும் சிரிச்சிட்டுத்தான் சரின்னார். வாக்கு குடுக்கறேன், ஆனா என் காலை நம்ப முடியாதுன்னார். அதுக்கப்புறம் அழுத்தவே இல்ல." ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். "அன்னிக்கும் நான் இங்கதான் உக்காந்திருந்தேன். காதுல இதை மாட்டிட்டு."

அன்று திருப்புளி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினாள். வீட்டில் எங்கே எப்படி என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

"அண்ணன் எங்க விழுந்து கிடந்தான் அண்ணி?"

"அங்கதான். இப்ப நீ உக்காந்திருக்கியே, அங்க."

திருப்புளி தரையில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்ரூம்லேர்ந்து தவழ்ந்தே வந்திருக்கார். நடை முழுக்க நுரை. பாதி முகத்துல நுரை அப்படியே இருந்துச்சு. கை அந்தப் பெட்டி மேல கிடந்துது. நான் எழுந்து காபி போடப் போறப்பதான் பாத்தேன்." அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "இவ்வளவு தூரம் வந்தவர் அந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்தி இருக்கலாமே. நான் திரும்பிப் பாத்திருப்பேனே. ஏன் கூப்பிடல? சாகறப்பகூட நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டு, என் மூஞ்சியில முழிக்காமலே போயிட்டார். இதை நெனச்சு நெனச்சுதான் காதுல இதை மாட்டிக்கறேன். கழட்டினா இந்தக் கேள்விதான் கேக்குது."

திருப்புளி டார்ச்சைப் பெட்டியின் முகப்புக்குத் திருப்பினாள். பெங்குவின் படத்தின்மேல் தூசி. பவர் பட்டனைச் சுற்றித் தூசி. ரீசெட் பட்டனில் மட்டும் தூசியில்லை. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விளிம்பு கீறல்விட்டு உள்வாங்கியிருந்தது. கால் விரலால் விளையாட்டாகத் தட்டினால் இப்படி உடையாது. முழு பலத்தையும் போட்டு, திரும்பத் திரும்ப அழுத்தியிருக்க வேண்டும்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் இந்தக் கேள்வியோடு அண்ணியை இன்னொரு நாள் விட்டுவைப்பது பாவம்.

"அண்ணி, இங்க வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

அண்ணி மேசையைச் சுற்றி வந்தாள். அந்தப் பக்கம் அவள் வந்தே பல மாதம் ஆகியிருக்கும்போல, கால் வைக்கத் தயங்கினாள். குனிந்து, பட்டனைச் சுற்றியிருந்த கீறலில் விரலை வைத்தாள்.

"அவன் கூப்பிட்டிருக்கான் அண்ணி. எவ்வளவு பலம் இருந்துச்சோ அவ்வளவையும் போட்டுக் கூப்பிட்டிருக்கான். தன் காலை நம்பாம ஒயரை அவனே கழட்டிட்டான். உங்களுக்குக் குடுத்த வாக்குக்காக. அந்த நேரத்துல அது ஞாபகம் இல்ல, பாவம்."

அண்ணி அந்தக் கீறலிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்போ என்னைக் கூப்பிட்டாரா?"

"ஆமா அண்ணி."

"கோவமா போகலையா?"

"இல்ல அண்ணி."

அப்போதுதான் அண்ணி அழுதாள். தரையில் உட்கார்ந்து, பெட்டியில் நெற்றியை முட்டி, வயிற்றிலிருந்து அழுதாள். திருப்புளி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். அண்ணன் அழைப்பு போய்ச் சேராமல் மாதக்கணக்காக இந்த ஒயருக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடந்ததை நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது.

வெகுநேரம் கழித்து அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஒயரை மாட்டு."

"அண்ணி..."

"மாட்டும்மா. இத்தனை நாளா அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு அழுத்தறாரோ."

திருப்புளி முடிச்சை வெட்டவில்லை. நகத்தால் மெல்லப் பிரித்து நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒயரைப் பின்னில் செருகி, தகட்டை மூடிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அண்ணி நாற்காலிக்குப் போனாள். படகை எடுத்தாள். ஹெட்போனைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்துவிட்டுக் காதில் மாட்டினாள்.

திருப்புளி கதவோரத்திலிருந்து விலகி, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடையில் உராய்வு தொடங்கியது. இந்த முறை அவள் காதுக்கே கேட்டது.

வந்தது. நின்றது. வந்தது.

கூடவே மூச்சுத் திணறும் சத்தமும் கேட்டது.

வாசலில் ஒருவரும் இல்லை. அவளுடைய முழங்காலுக்கு முன்னால், தரையோடு தரையாகக் குளிர்ந்த காற்று நகர்ந்துபோனது. நுரையின் மணம் மூச்சை அடைத்தது.

பட்டன் மெதுவாக உள்ளே போனது.

திரை இருண்டது. ஆனால் கம்ப்யூட்டர் மறுபடியும் தொடங்கவில்லை. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ரீசெட் பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். விரலை எடுக்கும்வரை அது தொடங்காது.

பட்டன் உள்ளேயே இருந்தது. விளிம்பில் இன்னொரு கீறல் மெல்ல ஓடியது.

அண்ணி ஹெட்போனைக் கழற்றினாள். அதை மேசைமேல் வைத்தாள். எழுந்து, மேசையைச் சுற்றி, அந்தப் பக்கம் வந்தாள். இந்த முறை தயங்கவில்லை. தரையில் மண்டியிட்டு, பெட்டிக்கு முன்னால் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுடுச்சுங்க. நான் வந்துட்டேன். கையை எடுங்க, வலிக்கும்."

விசிறி சுற்றியது.

டக் என்று பட்டன் வெளியே வந்தது.

திரையில் வெளிச்சம் வந்து, கம்ப்யூட்டர் எதுவும் நடக்காததுபோல் தொடங்கியது. திருப்புளிக்கு அப்போதுதான் மூச்சு விட முடிந்தது. பட்டன்மேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தாள். நுரை. அதன் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

அண்ணியும் அதைப் பார்த்தாள். விரலால் அதைத் தொட்டுக்கொண்டு, பழைய நாட்களில் கடிந்துகொள்ளும் அதே குரலில், ஆனால் உடைந்துபோய், சொன்னாள்.

"போய் மீதியையும் வழிச்சிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அறையில் இரண்டு பெண்களைத் தவிர யாரும் இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை.

நடையின் கோடியில், சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.